எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஒரு சின்னத் தொகுதியில் யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டில் காலிங் பெல் வேலை செய்யாது, எந்தப் பெரியவர் கதவைத் திறந்தால் அரை மணி நேரம் ஆளை விடமாட்டார் என்பதெல்லாம் ஒரு காலத்தில் எனக்கு அத்துப்படி. துபாயில், தேராவில், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஓர் ஆபீஸ் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகப் போவதில்லை. வயிற்றுப்பாடு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. துபாயில் வாடகை மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டிருந்தது. அல் குசைஸில் எங்கள் கட்டடத்திலிருந்து வாரம் ஒரு குடும்பமாவது ஊருக்குக் கிளம்பும். லிஃப்ட் பக்கத்தில் கார்கோ பெட்டிகள் அடுக்கியிருந்தால் யார் வீடு என்று கேட்பதுகூட நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டுக்கும் வாடகையை ஏற்றி ஓனரின் கடிதம் வந்தது. என் கணவர் ஒரு ஏசி கம்பெனியில் எஸ்டிமேட்டர். கடிதத்தைப் படித்தார், நான்காக மடித்தார், சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"மார்ச்ல பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சிடும். நீங்க ரெண்டு பேரும் திருச்சிக்குப் போயிடுங்க. நான் ஷார்ஜா பக்கம் ரோலாவுல ஒரு பெட் ஸ்பேஸ் பாத்துக்கறேன், எனக்கு ஒரு கட்டில் போதும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அப்பளம் இன்னொன்று போடு என்பதையும் அதே குரலில்தான் சொன்னார். மனுஷர் கெட்டவர் இல்லை, ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. முடிவெடுப்பது வீட்டுத் தலைவரின் சுமை என்று அவர் தன் அப்பாவிடம் கற்றிருந்தார். நானும் என் அப்பாவிடம் அதையே கற்றிருந்ததால் அப்பளத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. காலையில் பையைத் தோளில் மாட்டி, பஸ் ஏறி, தேராவில் இறங்கி, என் நாற்காலியில் போய் உட்காருவேனே, அந்த நாற்காலியை விட மனசில்லை. ஒன்பது வருடம் துபாயில் இருந்ததில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். அதுவும் டெம்பரரி. எங்கள் மேனேஜர் ஒரு மலையாளி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். "இந்த அமெரிக்கா ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா சேச்சி பெர்மனென்ட். சூப்பர்வைசர்," என்று சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் சம்பளம் வந்தால் வாடகையில் ஏறினதை நான் பார்த்துக்கொள்வேன், அப்புறம் ஊருக்குப் போகும் பேச்சே எழாது. அந்த ஆர்டரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நான் அலைந்தது அதற்காகத்தான்.

ஆர்டர் மூன்று கை மாறி எங்களிடம் வந்திருந்தது. அங்கே ஏதோ ஒரு மாநிலத்தில் சட்டசபைத் தேர்தல். ஒரு கட்சிக்காரர்களின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கையில் இருக்கும் தாளில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நானும் இன்னும் ஆறு பெண்களும்.

முதல் கட்டு வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரே கட்சியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கிறார்கள். என்ன கூத்து இது என்று கூடவே வந்த குறிப்பைப் படித்தேன். அங்கே யார் வேட்பாளர் என்பதற்கே முதலில் ஒரு தேர்தலாம். நம் ஊரில் தலைவர் வீட்டிலிருந்து பட்டியல் வரும், வந்த அன்றைக்குப் பாதிப் பேர் பட்டாசு வெடிப்பார்கள், மீதிப் பேர் கொடும்பாவி எரிப்பார்கள், கதை முடிந்தது. அங்கே அந்த வேலையையும் மக்கள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். தோற்றவருக்காகத் தெருத் தெருவாக நடந்த தொண்டர்கள் அடுத்த மாதமே ஜெயித்தவருக்காக நடக்கிறார்கள். அவர்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். அதே ஆள்தான், எழுத்து மட்டும் கொஞ்சம் சோர்ந்திருக்கும்.

தாளில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாக்காளர்களோ அத்தனை வரி. பெயர், வயது, அவர் எந்தக் கட்சி என்று பதிந்துவைத்திருக்கிறார் என்பதற்கு ஓர் எழுத்து. அட, இதைப் போய் அரசாங்கத்து லிஸ்டிலேயே போட்டு வைத்திருக்கிறார்களே என்று நான் வாயைப் பிளந்தேன். அதற்குப் பக்கத்தில் தொண்டர் ஒரு நம்பர் போடுவார். ஒன்று என்றால் நிச்சயமாக நம் ஆளுக்கு. இரண்டு, அநேகமாக. மூன்று, இன்னும் முடிவு செய்யவில்லை. நான்கு, அநேகமாக எதிராளிக்கு. ஐந்து, நிச்சயமாக எதிராளிக்கு.

மேடையும் மாலையும் மைக்கும்தான் தேர்தல் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு நாட்டு ஜனநாயகம் இந்த ஐந்து நம்பருக்குள் ஓடுவதைப் பார்க்க அலுப்பாகத்தான் இருந்தது. ஐந்து வாங்கியவர் வீட்டுப் பக்கமே போகக்கூடாது. அவரை மாற்ற முடியாது, போய்த் தட்டி எழுப்பினால் ரோஷத்தில் கிளம்பிப் போய் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிடுவார். தூங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். பேச்செல்லாம் மூன்றிடம்தான். ஒன்றிடம் கொள்கை பேசினால் நேரம் வீண். அவருக்குத் தேர்தல் நாளன்று போன் செய்து "கிளம்பிட்டீங்களா, வண்டி அனுப்பட்டுமா" என்று கேட்டால் போதும். பிரியாணி கிடையாது, குவார்ட்டர் கிடையாது. கால் வலிக்க நடப்பது, கேட்பது, எழுதுவது. அவ்வளவுதான் பிரச்சாரம்.

என் பெண் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஸ்கூல் பஸ் அவளை மூன்று மணிக்கு வாசலில் இறக்கிவிடும். சாவி அவள் பையின் உள் ஜிப்பில் ஒரு சிவப்பு ரிப்பனில் கட்டியிருக்கும். ஆபீஸில் சொந்த போன் பேசக்கூடாது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என் மொபைலுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வாள். வந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் பேச வேண்டும் என்று அர்த்தம். நான் பாத்ரூம் பக்கம் போய்க் கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் ஆபீஸ் சீக்கிரம் விட்டுவிடும், அந்த ஒரு மாதம் அவள் பஸ் வருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காலண்டரில் நோன்பு தொடங்கும் நாளில் ஒரு ஸ்டார் வரைந்து வைத்திருந்தாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

தொண்டர் கதவைத் தட்டினால் வீட்டில் யாரோ ஒருவர்தான் திறப்பார். பெரும்பாலும் புருஷன் திறப்பான். அவன் பெயருக்கு எதிரே ஒன்று என்று எழுதியிருக்கும். கீழே அதே வீட்டில் மனைவியின் பெயர், எதிரே காலி. எங்கள் சாஃப்ட்வேரில் காலிக் கட்டம் மஞ்சளாகத் தெரியும். ஒரு நாள் வேலை முடியும்போது திரை முழுக்க மஞ்சளாக இருந்தால் ஏதோ அரைகுறையாக விட்டுப்போனதாக எனக்குக் கை பரபரக்கும். புருஷன் ஒன்று என்றால் பெண்டாட்டியும் ஒன்றுதானே? நான் நிரப்பினேன். மனைவி கதவைத் திறந்த வீட்டில் புருஷன் கட்டத்தை மட்டும் அப்படியே விட்டேன். அவனை எப்படி நாம் தீர்மானிப்பது என்று தோன்றியிருக்க வேண்டும். யோசித்துச் செய்ததில்லை. இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அப்பா வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "சார், நம்ம வீட்ல மொத்தம் எத்தனை ஓட்டு?" அப்பா ஆறு என்பார். அவர்களும் நோட்டில் ஆறு என்று எழுதிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அம்மா உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் குத்திய இரண்டு முத்திரையும் அப்பா சொன்ன சின்னத்தில்தான். ஆக, வீடு என்றால் ஒரு மனசு என்பது எனக்குப் பால்பாடம்.

அறையில் நான்தான் சீனியர். என்னைப் பார்த்து மற்ற ஆறு பேரும் அதையே செய்தார்கள். லாகூர்க்காரி, கொல்லத்துக்காரி, யாழ்ப்பாணத்துப் பெண், ஒருத்திக்கும் அது தப்பு என்று படவில்லை. மேனேஜரோ, மஞ்சள் குறையக் குறைய எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நோன்பு தொடங்கி இரண்டாம் நாள் மெயில் வந்தது. மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"எந்தா சேச்சி இது? யாரு பண்ணினா?"

நடந்தது இதுதான். கட்சி ஆபீஸில் ஒன்று வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து, "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று போன் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு அம்மாள் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாராம். நான் உங்களுக்குப் போடுவேன் என்று யார் சொன்னது, என் புருஷனா, நான் யாருக்குப் போடுகிறேன் என்று முப்பது வருஷமாக அந்த மனுஷனுக்கே தெரியாது, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்தால் இதுபோல இன்னும் எத்தனையோ.

"நம்ம லிஸ்டை வெச்சு அவங்க எலக்‌ஷன் அன்னிக்கு வண்டி அனுப்பினா, எதிர் பார்ட்டிக்குப் போடற ஆளுங்களை அவங்களே கூட்டிட்டுப் போய் விடற மாதிரி ஆகும். மனசிலாச்சா?" என்றார் மேனேஜர்.

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேர் தலையில் பங்கு போட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் தம்பி. நான் செஞ்சேன், என்னைப் பாத்து இவங்க செஞ்சாங்க," என்று சொல்லிவிட்டேன். நாற்காலி போச்சு என்று நினைத்தேன். மார்ச்சும் கார்கோ பெட்டியும் கண் முன்னால் வந்தன.

லாகூர்க்காரிதான் ஆற மாட்டாமல் புலம்பினாள். "பாபி, மியான் ஒரு பக்கம், பீவி ஒரு பக்கம்னா அந்த வீடு எப்படி ஓடும்?" என்று இந்தியிலும் உருதுவிலும் மாற்றி மாற்றிக் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அந்த அம்மாள் வீடு முப்பது வருஷம் ஓடியிருக்கிறதே.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கலாஸ், விடுங்க. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிக் கொடுத்தா ஆர்டர் கைவிட்டுப் போகாது. சேச்சி உக்காந்து பண்ணித் தாங்க. பின்னே பாக்கலாம்," என்றார்.

மூன்று வாரம். ஸ்கேன் தாளைத் திறந்து, வரி வரியாக ஒப்பிட்டு, நாங்களாக நிரப்பினதை அழிக்க வேண்டும். மற்றவர்கள் புதுத் தாள்களை ஏற்ற வேண்டியிருந்ததால் இது முழுக்க என் பாடு. ஆபீஸ் இரண்டு மணிக்கே விட்டுவிடும். நான் ஆறு மணிவரை தனியாக உட்கார்ந்திருப்பேன். நோன்பு திறக்கிற நேரத்து டிராஃபிக்கில் மாட்டி வீட்டுக்குப் போனால் கால் இரண்டும் மரத்துப்போயிருக்கும். காலண்டரில் இருந்த ஸ்டாரைப் பற்றிப் பாப்பா ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும், அவளுக்காகவும்தானே இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரங்களில் தினமும் இரண்டு ரிங் வந்தது. முதல் இரண்டு நாள் எடுத்தேன். "சும்மாதான் மம்மி," என்றாள். அதற்குப் பிறகு விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். வந்துவிட்டாள், அது போதும்.

அழிக்க அழிக்கத் திரை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வந்த குறிப்பில் காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். இவரை இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். நான் படிக்காமல் போனது அந்த ஒரு வரி. ஒரு பெயர், வயது நாற்பத்திரண்டு, கேட்கவில்லை. இன்னொரு பெயர், வயது முப்பத்தாறு, கேட்கவில்லை. அது என் வயது. ஒருநாள் சாயங்காலம் ஆள் இல்லாத ஆபீஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோ தெரியாத தேசத்துப் பொம்பளைகளை, கேட்கவில்லையே என்று கவலைப்பட்டு, கேட்டுவரத் திரும்பவும் ஆள் அனுப்பப் போகிறார்கள். என்னை எந்த மகராஜன் கேட்டான்?

ஒரு செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிந்தது. எங்கள் ஆள் ஜெயித்தாரா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மேனேஜர் மெயில் அனுப்பிப் பார்த்தார், திரும்பி வந்தது. தேர்தல் முடிந்த மறுநாளே பிரச்சார ஆபீஸைக் காலி செய்து, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்களாம். ஆறு மாதம் நாய் படாத பாடு பட்டது ஒரு நாளில் முடிந்தது.

ஜனவரியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். பெர்மனென்ட். சூப்பர்வைசர். நம்பவே முடியவில்லை. "தப்பு பண்ணினா நான் பண்ணினேன்னு சொல்ற ஆள் கிடைக்கறது கஷ்டம் சேச்சி," என்றார். பஸ்ஸில் அந்தக் கவரை நான்கு தடவை பிரித்துப் படித்தேன்.

வீட்டில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் மடியில் வைத்தேன். படித்தார்.

"சந்தோஷம்மா. ஆனா அம்மாகிட்ட சொல்லி, ஸ்கூல்ல சீட்டுக்கும் சொல்லி வெச்சாச்சே."

"என்னைக் கேட்டீங்களாங்க?"

கேட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. அவர் டிவியை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"உனக்கு வேண்டாம்னா சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரி. இப்பக் கேக்கறேன். சொல்லு," என்றார்.

"எனக்குப் போக வேண்டாம். ஏறின வாடகைய நான் பாத்துக்கறேன். வீட்ல மூணு ஓட்டு. நானும் பாப்பாவும் ரெண்டு. நீங்க ஒண்ணு. ஆச்சா?"

"பாப்பாவக் கேட்டியா?"

"அவள வேற கேக்கணுமா? எனக்குத் தெரியாதா அவ மனசு?"

சொல்லி வாயை மூடவில்லை, நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து அழித்த கை இது. "பாப்பா, இங்க வா," என்று கூப்பிட்டேன். பயமில்லை. கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்த பெண், தமிழில் கால்வாசிதான் பேசுவாள், திருச்சிக்கு லீவில் போனால் பத்தாம் நாளே எப்போது திரும்புவோம் என்பாள். அவள் பதில் எனக்குத் தெரியும்.

கையில் பென்சிலோடு வந்து நின்றாள். அப்பாவே கேட்டார். "மார்ச்ல ஊருக்குப் போகலாமா, இங்கயே இருக்கலாமா? உனக்கு எது வேணும்?"

என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"போலாம் டாடி."

"ஏன் கண்ணு?" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதானே?"

"தெரியும். பட் அங்க நீ வீட்ல இருப்ப இல்ல?" என்றாள். பென்சிலால் கதவு நிலையில் ஒரு கோடு போட்டாள். "டூ ரிங்ஸ் குடுத்தாக்கூட நீ எடுக்கறதில்ல மம்மி."

ஜெயித்தவர் என் கணவர்தான். அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "இன்னும் டைம் இருக்கும்மா. யோசிச்சு முடிவு பண்ணலாம்," என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. ரெண்டுக்கு ஒண்ணு, எண்ணியாச்சு என்றேன். கடிதத்தை அவர் மடியிலிருந்து எடுத்து நான்காக மடித்துப் பாஸ்போர்ட் இருந்த டப்பாவில் வைத்தேன்.

மார்ச் கடைசியில் லிஃப்ட் பக்கத்தில் எங்கள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. யார் வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை.